இங்கிலீஷில் சொன்னது கணக்கில் வராது

மாப்பிள்ளை அந்த இரண்டு சொல்லைச் சொல்லி முடித்ததும் ஹாலில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் என் தங்கை வசந்தியின் வீடு. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். துறைமுகத்துக்குப் போய்வரும் கொள்கலன் லொறிகளின் இரைச்சல் கேட்கக்கூடாதென்று யன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். அதனால் வெக்கை. மேசையில் ரோல்ஸும் பட்டிஸும் ஆறிக்கொண்டிருந்தன. லண்டன்காரர் திரையில் நிற்கும்போது வாயசைப்பது மரியாதை இல்லையென்று ஒருவரும் தொடவில்லை.

பூச்சாடியில் சாய்த்து வைத்த டெப்பின் திரையில் மூன்று முகங்கள். நடுவில் மாப்பிள்ளை பிரணவன், ஒரு பக்கம் தாய், மற்றப் பக்கம் தகப்பன். இந்தப் பக்கம் நாங்கள் நால்வர். வசந்தி, அவள் கணவர் சிவலிங்கம், அவர்களின் ஒரே மகள் மயூரி, நான். மயூரிதான் மணப்பெண். எனக்குப் பிள்ளைகள் இல்லை, மயூரி பிறந்த நாள்முதல் அந்தக் குறை எனக்குத் தெரிந்ததும் இல்லை.

வரும் புதன்கிழமை லண்டனில் மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு. தாலி செய்வதற்குப் பொன்னை உருக்குகிற சடங்கு. பிற ஊர்களில் நிச்சயதார்த்தம் பெரிது என்பார்கள், எங்கள் ஆட்களுக்கு இதுதான் பெரிது. பொன்னுருக்கிவிட்டால் பிறகு சாவீட்டுக்குக் கூடப் போகமாட்டோம். கலியாணம் நின்றது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதற்கு முன்னர் இரண்டு வீட்டாரும் ஒருக்கால் முகம் பார்த்துக் கதைத்துவிடுவோம் என்றுதான் அந்த வீடியோ அழைப்பு.

கதை நன்றாகத்தான் போனது. மண்டபம், ஐயர், மேளம், விமான டிக்கெட், லண்டன் மழை. எல்லாம் முடிந்து இனி அழைப்பை வைக்கலாம் என்ற நேரத்தில் சிவலிங்கம் ஒரு சம்பிரதாயத்துக்காகக் கேட்டார்.

"அப்ப தம்பி, நீங்கள் ரெடிதானே?"

பிரணவன் கீழே பார்த்தான். தன் விரல்களைப் பார்த்தான் என்று நினைக்கிறேன். பிறகு நிமிர்ந்து இங்கிலீஷில் சொன்னான், தனக்கு 'கோல்ட் ஃபீட்' என்று.

நான் ஏன் அங்கே இருந்தேன்

லண்டன் அழைப்பு வருகிற நாட்களில் வசந்தி என்னை வெள்ளவத்தையிலிருந்து கூப்பிட்டுவிடுவாள். "அக்கா, நீங்கள் பக்கத்தில இருந்தாக் காணும்" என்பாள். மாப்பிள்ளை அங்கேயே பிறந்தவர், தமிழ் விளங்கும், கதைக்க வராது என்று புரோக்கர் முதலிலேயே சொல்லியிருந்தார். ஆகவே எனக்கு மொழிபெயர்ப்பாளர் பதவி. சம்பளம் பால்தேநீர்.

இந்தப் பதவி எனக்கு எப்படி வந்தது என்று புதிதாக வாசிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் மாணவர்களுக்காக அரைப் பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். வாரம் ஓர் இங்கிலீஷ் மரபுத்தொடர். அதன் பொருள் என்ன, அது எங்கிருந்து வந்தது, எங்கே பாவிக்கலாம், எங்கே பாவித்தால் சிரிப்பார்கள். கடலை நோக்கி இறங்கும் எங்கள் ஒழுங்கையில் அன்றிலிருந்து என் பெயர் இங்கிலீஷ் அக்கா. பெற்றோர் வைத்த பெயர் மின்சாரப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

பொருள் எழுதுவது சுலபம். பிறந்த கதை எழுதுவதில்தான் எனக்குக் குஷி. போர்க்களத்தில் மயக்க மருந்து இல்லாமல் வெட்டிச் சத்திரசிகிச்சை செய்யும்போது வீரனின் வாயில் ஒரு துப்பாக்கி ரவையைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னார்கள், அதனால் வலியைப் பொறுத்துக்கொள்வதற்கு ரவையைக் கடித்தல் என்று பெயர் வந்தது என்று எழுதினால் பிள்ளைகள் அதைப் பத்து வருடமானாலும் மறக்கமாட்டார்கள்.

கிராண்ட்பாஸில் இருந்து ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் மட்டும் ஒவ்வொரு வாரமும் பத்திரிகைக்குத் தொலைபேசி எடுப்பார். திட்டமாட்டார். மிகவும் பணிவாக ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"பிள்ளை, இதுக்கு ஆதாரம் இருக்கோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவர் தொல்லைக்குப் பயந்து தேடத் தொடங்கியபோதுதான் விஷயம் விளங்கியது. இந்தக் கதைகளில் முக்கால்வாசி பிறகு கட்டியவை. நாயும் பூனையுமாக மழை பெய்கிறது என்கிறார்களே, அந்தக் காலத்து ஓலைக்கூரையில் நாயும் பூனையும் படுத்திருந்து மழைக்கு வழுக்கி விழுந்தனவாம். சுத்தப் புளுகு. நாய் கூரையில் ஏறிப் படுக்குமா? நானும் அதை நம்பி எழுத இருந்தேன்.

ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இருக்க மனிதர்களால் முடிவதில்லை. தெரியாத இடத்தில் ஒரு கதையை வைத்து அடைத்துவிடுகிறார்கள். குடும்பங்களிலும் அதேதான் நடக்கிறது என்று பின்னாளில் கண்டுகொண்டேன்.

பார்வையில்லாத கண்

எனக்கு மிகவும் பிடித்த தொடர் ஒன்று உண்டு. காணாததுபோல் விட்டுவிடுவதை, குருட்டுக் கண்ணைத் திருப்புதல் என்பார்கள் இங்கிலீஷ்காரர்.

ஒற்றைக் கண்ணில் பார்வையில்லாத ஒரு கடற்படைத் தளபதியின் கதை அது. சண்டை நடக்கும்போது மேலதிகாரியின் கப்பலில் இருந்து, பின்வாங்கு என்று கொடி காட்டுகிறார்கள். இவருக்குப் பின்வாங்க மனமில்லை. தொலைநோக்கியை எடுத்துப் பார்வையில்லாத கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, கொடி ஒன்றும் தெரியவில்லையே என்றாராம். தபாலதிபர் இதற்கும் ஆதாரம் கேட்டார். இருக்கிறது என்றும் சொல்கிறார்கள், கூட்டிக் கட்டியது என்றும் சொல்கிறார்கள்.

எங்கள் வீடுகளில் தொலைநோக்கி இல்லை. ஆனால் எங்களுக்கென்று ஒரு பார்வையில்லாத கண் உண்டு. அதன் பெயர் இங்கிலீஷ்.

நம்பாவிட்டால் உங்கள் வீட்டிலேயே கவனித்துப் பாருங்கள். மாமாவுக்குப் புற்றுநோய் என்று எந்த வீட்டிலும் சொல்லமாட்டார்கள். கேன்சர் என்பார்கள், அதையும் தாழ்ந்த குரலில், சிலர் வெறும் 'சி' என்று எழுத்தோடு நிறுத்திவிடுவார்கள். மகள் புருஷனை விட்டு வந்துவிட்டாள் என்று சொல்ல வாய் வராது, செப்பரேட்டட் என்று சொல்லலாம். ஆள் செத்தால்கூட எக்ஸ்பயர்ட். தமிழில் சொன்னால் அது நடந்துவிட்டது என்று ஆகிவிடும். இங்கிலீஷில் சொன்னால் அது வீட்டுக்கு வெளியே, படலையில், செருப்பைக் கழற்றாமல் நிற்கும்.

எங்கள் மாடிக்குடியிருப்பில் எதிர்வீட்டு மருமகள் தினமும் காலையில் மாமியாருக்குக் கேட்கும்படி, தான் 'ஃபெட் அப்' என்று சொல்லுவாள். மாமியார் ஒரு கம்பனியில் இங்கிலீஷ் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அந்த அம்மாவுக்கு விளங்காதா? "தேத்தண்ணிக்குச் சீனி போட்டியே பிள்ளை?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரை விரித்துக்கொள்வார். மருமகளும் சொல்லியாயிற்று, மாமியாரும் கேட்கவில்லையாயிற்று. இருவரும் இன்றைக்கும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், நன்றாகவே இருக்கிறார்கள்.

ஆகவே இந்தப் பழக்கத்தை நான் முழுக்கக் குறை சொல்லமாட்டேன். நெருக்கமான வீடுகளில் கொஞ்சம் காற்று வர இது உதவுகிறது.

யாருக்கு விளங்கவில்லை?

ஹாலுக்குத் திரும்புவோம்.

'கோல்ட் ஃபீட்' என்றால் ஒரு காரியத்தில் இறங்கப் போகும் கடைசி நேரத்தில் மனம் பின்வாங்குவது. கலியாணத்தோடு சேர்த்துத்தான் அதிகம் சொல்வார்கள். எங்கிருந்து வந்தது என்று நிச்சயமாக யாருக்கும் தெரியாது. பனியில் கால் விறைத்த படைவீரர் முன்னேற மறுத்தார்கள் என்பது ஒரு கதை. சீட்டாட்டத்தில் இருந்து எழும்ப வழி தேடிய ஒருவன், கால் குளிர்கிறது என்று சாக்குச் சொன்னான் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். எழும்பிப் போகவேண்டும், ஆனால் ஏன் என்று சொல்ல முடியாது. பாவம் அவன்.

அந்த ஹாலில் இது விளங்காத ஒருவர் இருந்தாரா? வசந்தி வங்கியில் வேலை செய்தவள். இங்கிலீஷில் வாடிக்கையாளரை உறுக்கியும் பழக்கம், கெஞ்சியும் பழக்கம். சிவலிங்கம் பழைய சோனகத் தெருவில் இரும்புக்கடை வைத்திருப்பவர், சிங்கப்பூர்க்காரனோடு இங்கிலீஷில் சண்டை பிடித்து வெல்லுகிறவர். மயூரி ஒரு காப்புறுதிக் கம்பனியில் நாள் முழுக்க இங்கிலீஷில்தான் கதைக்கிறாள். பெடியனின் தாயும் தகப்பனும் லண்டனிலேயே தலை நரைத்தவர்கள்.

எல்லோருக்கும் விளங்கியது. அப்படியிருந்தும் வசந்தி என்னைப் பார்த்து மெல்லக் கேட்டாள்.

"அக்கா, தம்பி என்ன சொல்றார்?"

அவளுடைய கண் என்னிடம் கெஞ்சியது. எதையாவது சொல்லி இதை மூடிவிடு என்று அந்தக் கண் கேட்டது. தங்கையின் கண்ணை நான் அறிவேன்.

திரையில் தாய் முந்திக்கொண்டார். "அது ஒண்டுமில்லை அக்கா. வேலைக் களை. ரெண்டு கிழமையா அவனுக்குச் சரியான நித்திரையில்லை."

பிரணவன் மறுபடி வாயைத் திறந்தான். தாயின் தோள் அசைந்தது. மேசைக்குக் கீழே கை ஒன்று அவன் முழங்காலை அழுத்தியிருக்கவேண்டும். வாயை மூடிக்கொண்டான்.

தம்பிக்குக் கொஞ்சம் பதற்றமாம் என்று நான் சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. எல்லோரும் சிரித்திருப்பார்கள். கலியாணமென்றால் பதற்றம் இருக்கும்தானே என்று சிவலிங்கம் தன் கலியாணக் கதையை எடுத்திருப்பார். ரோல்ஸைச் சாப்பிட்டிருப்போம். புதன்கிழமை பொன்னுருகியிருக்கும். மயூரி வேலையை விட்டு, வீட்டை விட்டு, இந்தப் பெடியனை நம்பி லண்டனில் போய் இறங்கியிருப்பாள்.

நான் மயூரியைப் பார்த்தேன். அவள் திரையின் மூலையில் தெரிந்த தன்னுடைய சின்னப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. காதோரம் கலைந்த முடியைச் சரிசெய்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. பெடியனில் வரவில்லை. அவன் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் எல்லோருக்கும் முன்னால் வாய் திறந்து சொல்லிவிட்டான். அவனை இந்தப் பக்கம் நால்வரும் அந்தப் பக்கம் இருவருமாகச் சேர்ந்து சொல்லாதவனாக்கப் பார்க்கிறோம் என்பதில்தான் எனக்குக் கோபம். அவன் சொன்னதை மூட நாங்கள் அறுவரும் பிடித்த போர்வையின் கடைசி முனை என் கையில் இருந்தது.

"தம்பிக்கு இந்தக் கலியாணத்துக்கு மனம் வரேல்லையாம்" என்றேன்.

பழி யார் மேல்

நீங்கள் நினைப்பீர்கள், உடனே எல்லோரும் பெடியன்மேல் பாய்ந்திருப்பார்கள் என்று. இல்லை. எல்லோரும் என்மேல்தான் பாய்ந்தார்கள்.

"மச்சாள், அவர் அப்பிடிச் சொல்லேல்லையே" என்றார் சிவலிங்கம்.

"சொன்னவர்" என்றேன்.

"உங்களை மொழிபெயர்க்கத்தானே கேட்டது."

"அதைத்தான் செய்தனான்."

திரையில் இருந்து தாய், "நீங்கள் படிச்ச ஆள், பொம்பிளைப் பிள்ளையின்ர வாழ்க்கையில இப்பிடிக் கதைக்கலாமோ?" என்றார். வசந்தி என் கையைப் பிடித்தாள், நகம் பதியும்படி. "அக்கா, காணும், விடுங்கோ" என்றாள். தகப்பன் மட்டும் மகனின் முகத்தை ஒரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சத்தத்துக்குள் மயூரி கையை நீட்டி டெப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இப்போது திரையில் தெரிவது அவள் முகம் மட்டும்.

"பிரணவன், என்னோட தமிழில கதையும்."

தன்னுடைய தமிழ் குப்பை என்று அவன் இங்கிலீஷில் சொன்னான்.

"தெரிஞ்ச தமிழ் காணும். உமக்குப் பயமோ, விருப்பமில்லையோ?"

அவன் தேடினான். அவனுடைய தமிழ் பள்ளிக்கூடம் போகமுன் படித்த தமிழ். பசிக்குது, வேண்டாம், நித்திரை வருது. அதற்குப் பிறகு வளரவில்லை. வளர்ந்தவர்களின் மொழி பல அறைகள் உள்ள வீடு. ஓர் அறையில் ஆள் தேடினால் இன்னோர் அறைக்குப் போய்விடலாம். குழந்தைத் தமிழ் ஓர் அறை வீடு, ஒளிக்க இடமில்லை.

"விருப்பம் இல்லை" என்றான் பிரணவன்.

மயூரி தலையாட்டினாள், சொல்லும் என்பதுபோல.

"எனக்கு வேற ஆள் இருக்கு. அம்மாக்குத் தெரியும்."

தகப்பன் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவருக்குத் தெரியாது என்பதை அந்தப் பார்வையில் எல்லோரும் கண்டுகொண்டோம். தாய் முகத்தை மூடிக்கொண்டார். அந்த நேரம் எனக்கு அவர்மேல்கூட இரக்கம் வந்தது. மகனைக் கலியாணம் கட்டி வைத்தால் எல்லாம் சரிவரும் என்று நம்பிய எத்தனையோ தாய்களில் அவரும் ஒருவர்.

"நீர் நல்லாத் தமிழ் கதைக்கிறீர்" என்றாள் மயூரி. அதில் நக்கல் இல்லை. பிறகு அழைப்பைத் துண்டித்தாள்.

காலி வீதி

அதற்குப் பிறகு நடந்ததை விரிவாக எழுத விருப்பமில்லை. வசந்தி குழறி அழுதாள். சிவலிங்கம் வெளியே போய் யார் யாருக்கோ தொலைபேசி எடுத்தார், மண்டபக்காரருக்கு, புரோக்கருக்கு. புரோக்கரை அவர் பேசிய பேச்சு தெருமுனைவரை கேட்டது. எனக்கு அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதன் பிறகு பல மாதம் சொல்லவில்லை. தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுபோனபோது வாங்கி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் கவலைப்பட்டேன், ஆனால் அவரைப் பிழை சொல்லவில்லை. தகப்பன் அல்லவா.

அன்று மாலை நான் வெளிக்கிடும்போது மயூரி ஒரு பையில் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"பெரியம்மா, நானும் வாறன். இண்டைக்கு இங்க படுக்க ஏலாது."

வாசலில் ஓட்டோ பிடித்தோம். சாரதிக்கு என்னுடைய சிங்களத்தில் வெள்ளவத்தை என்று சொன்னேன். கோட்டையைத் தாண்டிக் கடற்கரைத் திடலுக்கு வந்தபோது அங்கே வழமைபோல ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பட்டம், இறால் வடை, குழந்தைகள். மயூரி அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

காலி வீதியில் பம்பலப்பிட்டி வந்தபோது நான்தான் தாங்கமாட்டாமல் தொடங்கினேன்.

"பிள்ளை, நான் சொன்னது உனக்குக் கோபமோ?"

"இல்லை பெரியம்மா. எனக்கு அது புதுசில்லை" என்றாள்.

"என்ன புதுசில்லை?"

"அவர் எனக்கு எத்தினையோ தரம் மெசேஜ் போட்டவர். தனக்கு நிச்சயமாத் தெரியேல்லை எண்டு, அவசரப்பட வேண்டாம் எண்டு, தன்னில பெரிசா எதிர்பார்க்க வேண்டாம் எண்டு. எல்லாம் இங்கிலீஷில. நான் ஒவ்வொண்டுக்கும் ஒரு சிரிச்ச முகம் போட்டு அனுப்பினனான்."

"விளங்கேல்லையோ உனக்கு?"

"விளங்கினது." அவள் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அம்மா ஒவ்வொரு பின்னேரமும் சீலை அடுக்கிக்கொண்டிருந்தவ. அப்பா ஊரெல்லாம் சொல்லிப்போட்டார். எனக்கும் வயசு போகுது. விளங்கேல்லை எண்டு இருக்கலாம்தானே எண்டு நினைச்சன்."

சமிக்ஞை விளக்கில் ஓட்டோ நின்றது. பக்கத்தில் நின்ற பஸ்ஸின் புகை முகத்தில் அடித்தது. அவள் முதல்முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் இண்டைக்குத் தமிழில சொல்லாமல் விட்டிருந்தா நான் போயிருப்பன் பெரியம்மா. எல்லாம் தெரிஞ்சுகொண்டு, சிரிச்சுக்கொண்டு போயிருப்பன்."

சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழத் தொடங்கினாள். அழட்டும் என்று விட்டேன்.